புரிந்ததா என்று கேட்காதீர்கள்

“என்ன, புரிஞ்சுதா?”

கல்குவாரியில் மேஸ்திரி கேட்கிறார். தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் கேட்கிறார். ஜவுளிக்கடையில் முதலாளி கேட்கிறார். எதிரே நிற்பவர் தலையை ஆட்டுகிறார். கேட்டவர் திருப்தியாகப் போய்விடுகிறார். “புரியலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று யாராவது பதில் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? பிறகு ஒருநாள் வேலை கெடுகிறது, அல்லது ஒரு கை நசுங்குகிறது. உடனே வருகிறது அந்த வாக்கியம்: “நான்தான் அப்பவே சொன்னேனே!”

சொன்னீர்களா? உங்கள் வாய் அசைந்தது, உண்மை. அவர் காது திறந்திருந்தது, அதுவும் உண்மை. ஆனால் அவர் மனத்தில் என்ன போய்ச் சேர்ந்தது என்று நீங்கள் பார்த்தீர்களா? “புரியவில்லை” என்று சொன்னால் முட்டாள் பட்டமும் இரண்டு வசவும் கிடைக்கும் என்று பழக்கிவைத்த இடத்தில் தலையாட்டலுக்கு என்ன பொருள்? “நான் இங்கே வேலையில் நீடிக்க விரும்புகிறேன்” என்பதைத் தவிர வேறு பொருள் ஏதாவது உண்டா?

இப்போது இதற்கென்று பயிற்சி வகுப்புகள் வந்துவிட்டன. கம்யூனிகேஷன் ஸ்கில் என்று பெயர். கண்ணைப் பார்த்துப் பேசு, குரலை உயர்த்தாதே, கைகளைக் கட்டாதே, சுருக்கமாகச் சொல். அறந்தாங்கியிலிருந்தோ ஆலங்குடியிலிருந்தோ படித்து முடித்து வேலை தேடிப் போகிற பிள்ளைக்கு முதலில் விழுகிற அடி, “உனக்கு கம்யூனிகேஷன் பத்தாது” என்பதுதான். சரி, கற்றுக்கொள்ளட்டும். என் கேள்வி வேறு. இந்த வகுப்புகளில் உட்கார்ந்திருப்பது யார்? எப்போதும் கீழே இருப்பவர்தானே? பத்துப் பேருக்குப் புரியாத உத்தரவைப் போடுகிற மேலாளர் எந்த வகுப்புக்குப் போனார்? பேசத் தெரியாதவரைத் திருத்த நாட்டில் ஆயிரம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்கத் தெரியாதவரைத் திருத்த ஒருவரும் இல்லை. அவர்தான் கட்டணம் கட்டுகிறவர் என்பது காரணமாக இருக்கலாம்.

புதுக்கோட்டைக்கு இது தெரியாத விஷயமில்லை. தமிழ்நாட்டுக்கே இதில் பாடம் நடத்திய மாவட்டம் இது.

1991இல் இங்கே எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சம்பளமில்லாமல் கற்பித்தார்கள். மரத்தடியிலும் கோயில் வாசலிலும் தெருவிளக்கின் கீழும், பகல் முழுக்க வேலை செய்து களைத்த பெண்கள் சிலேட்டைப் பிடித்தார்கள். சைக்கிளும் பாடத்தின் பகுதியாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்தச் செய்தி உலகம் சுற்றியது. அது அழகான கதை, மறுக்கவில்லை. ஆனால் சைக்கிள் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நடந்த இன்னொன்றை மறந்துவிட்டோம்.

குவாரியைச் சொல்கிறேன். கல் உடைக்கிற பெண்ணுக்கு அன்று என்ன தெரிந்திருந்தது? கல்லின் நரம்பு எங்கே ஓடுகிறது, எங்கே அடித்தால் பிளக்கும் என்பது தெரியும். பொறியாளருக்குத் தெரியாத நுட்பம் அது. தெரியாதது ஒன்றே ஒன்று: ஒப்பந்தக்காரர் நோட்டில் தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது. எத்தனை லோடு போயிற்று, முன்பணம் எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு. நோட்டு அவரிடம், பேனா அவரிடம், கணக்கும் அவரிடம். “உன் கணக்கு இவ்வளவுதான்” என்றால் அவ்வளவுதான். அங்கே தகவல்தொடர்பில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. ஒருவர் மட்டும் அறியவேண்டும், மற்றவர் அறியக்கூடாது என்கிற திட்டப்படி அது பிரமாதமாக வேலை செய்துகொண்டிருந்தது.

அந்தக் காலகட்டத்தில்தான் பெண் தொழிலாளர் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்த்தார்கள். எதிர்ப்பை மீறித்தான் அது நடந்தது. கூலிக்கு உடைத்தவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். நடைச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டிய இடத்துக்கு வந்தார்கள். வங்கிக்குப் போனார்கள், லாரிக்காரரிடம் விலை பேசினார்கள். அந்தப் பெண்களுக்கு யாரும் “தன்னம்பிக்கையோடு பேசுவது எப்படி” என்று வகுப்பெடுக்கவில்லை. நோட்டைக் கையில் கொடுத்தார்கள், படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பேச்சு தானாக வந்தது.

ஆக, தெளிவின்மை எங்கே பிறக்கிறது? அகராதி போதாத இடத்திலா? நோட்டை மூடிவைக்கிற இடத்திலா?

முப்பது ஆண்டு தாண்டி வாருங்கள். நூறு நாள் வேலையில் குனிந்து மண் வெட்டிய ஒரு பாட்டி, “ஏன் தம்பி இந்த வாரம் சம்பளம் குறையுது?” என்று பணித்தளப் பொறுப்பாளரைக் கேட்கிறார். அவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண், இல்லையென்றால் பேரன் வயதுப் பையன். “மேல இருந்து அப்படித்தான் வந்திருக்கு பாட்டி.” மேலே என்றால் எங்கே? வட்டார வளர்ச்சி அலுவலகமா, சென்னையா, டெல்லியா? கைப்பேசிச் செயலியில் தினம் இருமுறை படம் எடுக்கத் தெரிந்த அரசுக்கு, வெட்டிய மண்ணை அளந்து கூலி போட்ட கணக்கை அந்தப் பாட்டிக்குப் புரிகிற நாலு வரியில் சொல்லத் தெரியாதா? நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை செய்யும் உரிமையைக் கொடுத்தது. உரிமையைக் கொடுத்தவர்கள், கணக்கை வாசிக்கிற மொழியில் கொடுத்தார்களா?

“மேலே” என்பது நம் வேலையிடங்களில் கடவுளுக்கு அடுத்தபடி அதிகம் உச்சரிக்கப்படும் சொல்லாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் முகவரி கிடையாது. இரண்டின் பெயராலும் எதையும் செய்யலாம். இரண்டையும் யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

அலுவலகக் கடிதங்களைப் பாருங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வெயிலில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தவருக்கு ஒரு பதில் வருகிறது. பார்வையில் காணும் மனுவின் மீது உரிய நடவடிக்கை மேற்கொள்ளும் பொருட்டு சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற விவரம் தெரிவிக்கப்படுகிறது. இதில் மனிதர் யார்? அனுப்பியவர் யார், பெற்றவர் யார், எந்தத் தேதிக்குள் செய்வார், செய்யாவிட்டால் யாரைக் கேட்பது? ஒரு வாக்கியத்தில் இத்தனை வினை இருந்தும் செய்பவர் ஒருவர்கூட இல்லை. 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் போட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் எதற்காக அந்தச் சட்டம்? ஆங்கிலத்தில் புரியாமல் இருந்தது தமிழிலும் புரியாமல் இருக்கவேண்டும் என்பதற்கா?

சட்டமே இல்லாத நாடு என்றால் வேறு வழியில்லை என்று விட்டுவிடலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? தொழிற்சாலையில் ஒட்டவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் இருக்கவேண்டும். வாசலருகே கண்ணில் படுகிற இடத்தில் இருக்கவேண்டும். சுதந்திரம் வந்த அடுத்த ஆண்டே எழுதப்பட்ட சட்டம் அது. இவ்வளவு சாதாரணமான நாகரிகத்தை நாம் சட்டம் போட்டுத்தான் கேட்கவேண்டியிருந்தது. போட்டும் நடந்ததா? 1984இல் போபாலில், ஆங்கிலம் அறிந்தவர்கள் சிலரே இருந்த ஆலையில் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. நச்சுவாயு கசிந்த அந்த டிசம்பர் இரவில் அதன் எரிச்சலை முதலில் உணர்ந்தவர்கள் தொழிலாளர்கள். கசிவைக் கண்டுபிடித்து மேற்பார்வையாளரிடம் சொன்னவர்களும் அவர்களே. தேநீர் இடைவேளை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, 1987இல் சட்டத்தைத் திருத்தி 41பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள்: வேலையில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லியே ஆகவேண்டும். தான் எதனால் சாகக்கூடும் என்று தெரிந்துகொள்ளும் உரிமைக்கு அத்தனை பிணங்கள் விலை.

நம்மூர்ப் பட்டறைகளில் ஆயுத பூசையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் பூசுகிறோம், குங்குமம் வைக்கிறோம், வாசலில் பூசணிக்காய் உடைக்கிறோம். பல இடங்களில் அந்தச் சந்தனம் எச்சரிக்கை ஸ்டிக்கரின் மேலேயே அப்பியிருக்கும். ஓடும்போது கையை விடாதே என்று எழுதியதை மறைத்துவிட்டு, கையைக் காப்பாற்று என்று வேண்டிக்கொள்கிறோம். வேண்டுங்கள், உங்கள் விருப்பம். ஆனால் விரல் போனபின் “அவன் நேரம்” என்று சொல்லாதீர்கள். இயந்திரத்துக்குக் காப்புத் தகடு போடாதது அவன் நேரமா? புதிதாக வந்தவனுக்கு அதை எப்படி நிறுத்துவது என்று செய்துகாட்டாதது கிரகக் கோளாறா? விதி என்பது பல வேலையிடங்களில் முதலாளியின் மறுபெயர். இழப்பீடு கேட்டு யாரும் விதியின் மேல் வழக்குப் போட முடியாது அல்லவா, அந்த வசதிக்காக வைத்த பெயர்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிடுவார்: “எல்லாப் பழியையும் மேலே போடாதீர்கள். கீழே இருப்பவர் தெளிவாகச் சொல்லவேண்டாமா?”

சொன்னார்களே! 2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் இறங்குகிறது. ஓடுபாதை மேசைபோல மலைமேல் இருக்கிறது. விமானம் இருக்கவேண்டிய உயரத்தைவிட அதிக உயரத்தில் வருகிறது. பயணத்தில் நீண்ட நேரம் தூங்கி எழுந்த தலைமை விமானி இறக்கியே தீருவது என்று இருக்கிறார். பக்கத்தில் இருந்த துணை விமானி, இறங்காமல் மேலே எழுப்பி மீண்டும் சுற்றி வரச் சொல்கிறார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. இதைவிடத் தெளிவாக எந்த மொழியில் சொல்லவேண்டும்? 158 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 8 பேர். பேச்சுத்திறன் வகுப்பில் அந்தத் துணை விமானிக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். அவரும் இறந்துவிட்டார்.

விமானத்தை விடுங்கள், திருமயத்துக்கு வாருங்கள். ஜகபர் அலி அந்தப் பகுதியின் சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றித் தொடர்ந்து மனுக் கொடுத்தவர். முன்னாள் கவுன்சிலர். யாரிடம் கொடுக்கவேண்டுமோ அந்த அலுவலகங்களில் கொடுத்தார். எங்கே என்ன நடக்கிறது என்று மறைக்காமல் சொன்னார். 2025 ஜனவரி 17 அன்று லாரி மோதி இறந்தார். விபத்து என்று பார்க்கப்பட்ட அது கொலை வழக்கானது, சிபிசிஐடி கைக்குப் போனது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கேட்கவேண்டியது வேறு: இந்தச் செய்தியைப் படித்த ஒரு குவாரித் தொழிலாளியிடம் போய், “தயங்காமல் மனம் திறந்து பேசு” என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்? தைரியத்தை அவரிடம் கேட்பதற்குமுன், பேசியவருக்கு என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறோம் என்று நம்மிடம் கேட்கவேண்டாமா?

இன்னொரு சுவர் இருக்கிறது. மேலாண்மைப் புத்தகங்களில் அது இருக்காது, ஏனென்றால் அவற்றை எழுதியவர்கள் இறையூர்த் தேநீர்க் கடையைப் பார்த்ததில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பக்கத்து இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள்; வழக்குப் பதிவாயிற்று. காலையில் ஒருவருக்குத் தனிக் குவளை கொடுக்கிற கை, பத்து மணிக்கு வேலையிடத்தில் அவரைச் சரிசமமாக உட்காரவைத்துக் கருத்துக் கேட்குமா? பெயர் சொல்லி, “ஏய்” போட்டு, “வாடா போடா” என்று பெரியவரைக் கூப்பிடுகிற இடத்தில் அவர் அறிந்த உண்மை முதலாளி காதுக்கு எப்படி வரும்? “அந்தப் பாறை நிற்காதுங்க, சரியும்” என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் “நீ எனக்குச் சொல்றியா?” என்று வரும் என்பதும் தெரியும். இரண்டு அறிவுக்கும் நடுவில் அவர் பேசாமல் இருக்கிறார். சாதி என்பது அவமானம் மட்டுமல்ல. அது முட்டாள்தனமும்கூட. விவரம் தெரிந்த பாதிப் பேரின் வாயை அடைத்துவிட்டுத் தொழில் நடத்துகிறவரை வேறு என்ன சொல்வது?

கீழே இருப்பவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்றா சொல்கிறேன்? இல்லை. இன்னொருவர் உயிர் உங்கள் தலையாட்டலில் தொங்கும்போது நீங்கள் ஆட்டுகிற தலை பொய் சொல்கிறது. லாரியில் பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்தும் சாவியை வாங்கிக்கொண்டு போகிறவர், எதிரே சைக்கிளில் வரும் பிள்ளையிடம் “முதலாளி சொன்னாரு” என்று விளக்க முடியாது. வேலை போகும் என்பது உண்மையான பயம், அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் பயந்தவரும் மூன்று பேராகச் சேர்ந்து சொல்லலாம், சங்கத்தின் மூலம் சொல்லலாம், தேதி போட்டு ஒரு தாளில் எழுதி நகல் வைத்துக்கொண்டு கொடுக்கலாம். குவாரிப் பெண்கள் தனியாகவா போய் நின்றார்கள்? குழுவாகத்தான் போனார்கள்.

ஆனாலும் இரண்டு பொறுப்பும் சம எடை அல்ல. யாருடைய சொல்லுக்கு மற்றவர் சோறு கட்டுப்பட்டிருக்கிறதோ, தெளிவு அவர் பட்ட கடன். இதை வாசிக்கிற நீங்கள், “நான் எங்கே முதலாளி?” என்று நழுவவேண்டாம். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள், உடம்பு சரியில்லை என்றால் பிடித்தமா என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறீர்களா? “பார்த்துச் செய்றேன்” என்றுதானே சொன்னீர்கள்? நீங்கள் பார்க்கிற வரையில் அவர் குழந்தையின் பள்ளிக் கட்டணம் காத்திருக்குமா?

வாயால் மட்டும் சொல்கிற உத்தரவுக்கு வருகிறேன். அதுதான் இதிலெல்லாம் கொடியது.

கவனித்திருக்கிறீர்களா? அரைமணி நேரம் தாமதமாக வந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். சம்பளப் பிடித்தம் காகிதத்தில் வரும். ஆனால் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கு என்று எந்த நிறுவனமாவது எழுத்தில் உத்தரவு கொடுத்திருக்கிறதா? கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதைக் குற்றம் என்கிறது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆள் இன்னும் செத்துக்கொண்டிருக்கிறார், ஏனென்றால் அவரை இறக்கியது எழுத்தல்ல. “சும்மா எட்டிப் பார்த்துட்டு வா” என்கிற நாலு சொல். பிறகு விசாரணையில் அந்த நாலு சொல்லைச் சொன்னவர் யாரும் இருக்கமாட்டார். “நாங்க இறங்கச் சொல்லவே இல்லைங்க, அவனா இறங்கிட்டான்.” பிணம் மறுத்துப் பேசுமா?

தெளிவாகப் பேசத் தெரியாதவரா இப்படிச் சொன்னார்? நுட்பமாகப் பேசத் தெரிந்தவர். வேலையும் நடக்கவேண்டும், கையெழுத்தும் இருக்கக்கூடாது. தெளிவில்லாத பேச்சில் பாதி, திறமைக் குறைவால் வருவதல்ல. பொறுப்பு எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டதால் வருவது. அதனால்தான் இதை அறநெறியின் வழக்கு என்கிறேன், மொழிப் பயிற்சியின் வழக்கு என்று அல்ல.

ஆகவே “புரிந்ததா” என்று இனிக் கேட்காதீர்கள். “நான் சொன்னது தெளிவாக இல்லாமல் இருந்திருக்கலாம், நீங்கள் எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் தேர்வில் தோற்றது நீங்கள். மறுபடி சொல்லுங்கள், எரிச்சல் இல்லாமல். “வேண்டாங்க, இது ஆபத்து” என்று ஒருவர் சொன்னால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு அவர் ஏன் சொல்கிறார் என்று பாருங்கள். அவர் சொன்னது தப்பாகவே இருந்தாலும் சம்பளத்தில் கைவைக்காதீர்கள். அடுத்தமுறை அவர் சொல்வது சரியாக இருக்கக்கூடும்.

கடைசியாக ஒன்று. இன்று உங்கள் கீழ் வேலை செய்பவரிடம் வாயால் என்ன உத்தரவு சொன்னீர்கள், நினைத்துப் பாருங்கள். அதை அப்படியே ஒரு தாளில், அவருக்குப் புரிகிற தமிழில், யார் சொன்னது என்று பெயர் போட்டு, தேதியிட்டுக் கையெழுத்து வைத்துத் தர உங்களால் முடியுமா? முடியும் என்றால் தாருங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பது உங்களுக்கே தெரியும். போனை எடுத்து அவரைக் கூப்பிட்டு அந்த உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். தொட்டி மூடியை அவர் திறப்பதற்குள்.